கையில் செட் இருக்கிறது, யாருக்கும் கேட்கவில்லை: புதிய ஹாம்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாம் ரேடியோ உரிமம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோ அலையில் பேச அரசு தரும் அனுமதி, வந்த அன்று மாலையே கைச்செட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். ரிப்பீட்டரில் (நம் சிக்னலை வாங்கி உயரத்திலிருந்து திரும்ப ஒலிபரப்பும் நிலையம்) நான்கைந்து பேர் தமிழில் பேசிக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்டது. இடைவெளி கிடைத்ததும் பேசும் பொத்தானை அழுத்தி, உரிமத்தோடு எனக்குக் கிடைத்த அடையாளக் குறியான கால்சைனைச் சொன்னேன். பதில் இல்லை. திரும்பச் சொன்னேன். அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்படியே ஏழு வாரம் போனது. பேட்டரி மாற்றினேன், நீளமான ஆன்டெனா வாங்கினேன். ரிப்பேர்க் கடையில் காட்டியபோது "பைனல் போயிடுச்சு", அதாவது அனுப்பும் சக்தியைக் கொடுக்கும் பகுதி எரிந்துவிட்டது என்று சொல்லி 900 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு மூத்த ஹாமின் வீட்டுக்குப் போனேன். அவர் செட்டை வாங்கி, பொத்தானை ஒருமுறை அழுத்தி, திரையைப் பார்த்தார். "தம்பி, அழுத்தும்போது நம்பர் மாறவே இல்லை பாருங்க" என்றார். அவ்வளவுதான். ரிப்பீட்டர் எந்த அதிர்வெண்ணில் பேசுகிறதோ அதிலேயே நானும் பேசிக்கொண்டிருந்தேன். அதன் காதில் பேசவேண்டியவன் அதன் வாயில் பேசியிருக்கிறேன். செட்டில் ஒரு பழுதும் இல்லை.

அன்றிலிருந்து புதிதாக வரும் பலருடைய செட்டுகளைப் பார்த்துவிட்டேன். "செட் கெட்டுப்போச்சு" என்று கொண்டுவருவதில் பெரும்பாலானவை கெட்டுப்போகவே இல்லை. பதிவு தப்பு, ஆன்டெனா தப்பு, நிற்கும் இடம் தப்பு, அல்லது பேட்டரி. இவற்றை வரிசையாகப் பார்க்கத் தெரிந்தால் உங்கள் ஏழு வாரம் மிச்சம். புதியவர்களில் நிறையப் பேர் கையில் இருப்பது பாவ்ஃபெங் யூவி-5ஆர் என்ற மலிவான கைச்செட் என்பதால் மெனு எண்களை அதற்கே சொல்கிறேன். வேறு செட் வைத்திருப்பவர்களுக்கு எண் மாறும், வரிசை மாறாது.

1. முதலில் காகிதம், அப்புறம் செட்

இந்தியாவில் ஹாம் செட்டை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். ஆன்லைனில் "லைசென்ஸ் தேவையில்லை" என்று போட்டு விற்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியவை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் வேலை செய்கிற, சக்தி குறைந்த சின்ன வாக்கிடாக்கிகள். யூவி-5ஆர் அந்த வகையில் சேராது. வாக்கிடாக்கிகளை விதி மீறிப் பட்டியலிட்டு விற்பதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் தனியாக வழிகாட்டு விதிகளே கொண்டுவந்திருக்கிறது. மாட்டினால் செட் போவதோடு முடியாது.

தேர்வுக்கும் உரிமத்துக்கும் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, புகைப்படம், கையெழுத்து எல்லாவற்றையும் முதலிலேயே ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். பெயரும் இனிஷியலும் எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஆதாரில் இனிஷியல் பின்னால், சான்றிதழில் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக. என் விண்ணப்பம் இதற்காகவே ஒருமுறை திரும்பி வந்தது.

12 வயது முடிந்தால் தேர்வு எழுதலாம். தொடக்க நிலை உரிமமான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை, வியூ3 என்று தொடங்கும் கால்சைன் கிடைக்கும். நான் உரிமக் கட்டணம் கட்டியபோது 20 ஆண்டுக்கு 1000 ரூபாய், வாழ்நாளுக்கு 2000 ரூபாய். கட்டும் நாளில் தளத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதியதிலிருந்து உரிமம் கைக்கு வர எனக்கு ஐந்து மாதம் ஆனது. செட்டை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு காத்திருப்பதைவிட, உரிமம் வந்தபிறகு பில்லோடு வாங்குங்கள்.

வெளியே செட்டோடு போகும்போது உரிமத்தின் நகல், அடையாள அட்டை, செட் வாங்கிய பில்லின் நகல் மூன்றும் பையில் இருக்கட்டும். நிலையத்தின் இடத்தைப் பற்றி உரிமத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். விமான நிலையம், ராணுவ வளாகம், துறைமுகம் பக்கம் செட்டை வெளியே எடுக்கவே வேண்டாம். போலீஸ்காரர் கேட்டால் பதற்றப்படாமல் காகிதத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்குங்கள். கையில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், கேட்பது அவருடைய வேலை.

2. பேட்டரி, ஆன்டெனா: ஐந்து நிமிட வேலை

பொத்தானை அழுத்தியதும் செட் அணைந்து திரும்ப உயிர்பெறுகிறதா? அது பேட்டரி. கேட்கும்போது செட் கொஞ்சமாகத்தான் மின்சாரம் எடுக்கும், அனுப்பும்போது ஒன்றரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கேட்கும் வரை நன்றாக இருந்த பேட்டரி, அழுத்தியதும் படுத்துவிடும். உள்ளே இரண்டு லித்தியம் செல் தொடராக இருக்கின்றன. முழுதாக ஏறினால் 8.4 வோல்ட், பெயரளவுக்கு 7.4. திரையில் காட்டும் கட்டங்களை நம்பாமல் மல்ட்டிமீட்டரில் அளந்து பாருங்கள்.

பேட்டரியின் முதுகிலும் செட்டின் முதுகிலும் இருக்கும் செப்புப் பட்டைகளை வெளிச்சத்தில் பாருங்கள். வியர்வை பட்டு மங்கியிருந்தால் பென்சில் அழிப்பானால் தேய்த்துத் துடையுங்கள். பேட்டரியைப் பொருத்தும்போது "டக்" என்று சத்தம் கேட்கவேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் செட்டை விட்டுவராதீர்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள்.

அடுத்து ஆன்டெனா. இங்கே ஒரு பொறி இருக்கிறது. யூவி-5ஆர் செட்டின் தலையில் நடுவே ஊசி உள்ள எஸ்எம்ஏ ஆண் முனை இருக்கும், அதற்குத் துளை உள்ள பெண் முனை ஆன்டெனா வேண்டும். வைஃபை ரவுட்டர் ஆன்டெனாக்களில் வருவது ரிவர்ஸ் எஸ்எம்ஏ. அதிலும் சில மரையில் அழகாக ஏறி உட்கார்ந்துவிடும், ஆனால் ஊசியும் ஊசியும் மோதும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஆன்டெனாவைக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் துளை இருக்கவேண்டும். விரலால் இறுக்கினால் போதும், இடுக்கி வேண்டாம்.

நகோயா என்ற ஆன்டெனா நிறுவனத்தின் பெயர் பொறித்த போலி ஆன்டெனாக்கள் சந்தையில் நிறைய உண்டு. அசலில் பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம், ஆன்டெனா இல்லாமல் ஒருமுறைகூட பொத்தானை அழுத்தாதீர்கள். ஆன்டெனாவைப் பிடித்து செட்டைத் தூக்கவும் கூடாது.

3. எதுவுமே கேட்கவில்லை என்றால்

பேசும் பொத்தானுக்குக் கீழே இருக்கும் மானிட்டர் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். "உஸ்ஸ்" என்ற இரைச்சல் வந்தால் ஒலிபெருக்கியும் ஒலியளவும் சரி. வரவில்லை என்றால் ஒலியளவைக் கூட்டுங்கள். பக்கவாட்டில் ஸ்பீக்கர் மைக் செருகியிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

இரைச்சல் வருகிறது, ஆனால் ஆட்கள் கேட்கவில்லையா? மெனு 0, ஸ்குவெல்ச், அதாவது யாரும் பேசாதபோது இரைச்சலை அடைத்துவைக்கும் அமைப்பு. இதை 2 அல்லது 3இல் வையுங்கள். பிறகு மெனு 10, மெனு 11. இரண்டும் அணைந்திருக்கவேண்டும். இவை வரும் சிக்னலில் டோன் (குரலோடு சேர்ந்து போகும், காதுக்குத் தெரியாத அடையாள ஒலி) இருந்தால் மட்டும் ஒலிபெருக்கியைத் திறக்கும் அமைப்பு. சரியான டோன் வராதவரை செட் வாயை மூடிக்கொண்டிருக்கும், பச்சை விளக்கு மட்டும் எரியும். பச்சை விளக்கு எரிந்தும் சத்தம் இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு மெனு 11க்குப் போங்கள்.

விசைகள் எதுவும் வேலை செய்யவில்லை என்றால் பூட்டு விழுந்திருக்கும். # விசையை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் திறக்கும்.

ரிப்பீட்டர் எட்டாத ஊரில் இருக்கிறீர்களா, கேட்கும் திறனைச் சோதிக்க விண்ணைப் பாருங்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடக்கும்போது 437.800 மெகாஹெர்ட்ஸில் அதன் ரிப்பீட்டர் பெரும்பாலும் ஒலிக்கும், 145.825இல் தரவுச் சிக்னல் வரும். கடக்கும் நேரத்தைக் காட்டும் செயலிகள் ஃபோனில் இலவசமாகவே கிடைக்கின்றன. அது வேகமாக நகர்வதால் 437.800இல் வரும்போது அதிர்வெண் கொஞ்சம் கூடியும் போகும்போது கொஞ்சம் குறைந்தும் தெரியும், ஏறக்குறைய 10 கிலோஹெர்ட்ஸ் வரை. அதனால் 437.810இல் தொடங்கி 437.790 வரை இறங்கிக்கொண்டே வாருங்கள். செட்டோடு வந்த குட்டை ஆன்டெனாவிலேயே ஒருவர் குரல் விண்ணிலிருந்து இறங்கி வருவதைக் கேட்ட நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

4. ரிப்பீட்டரை மெமரியில் பதிவது: நான் தவறிய இடம்

ரிப்பீட்டர் ஒரு அதிர்வெண்ணில் கேட்டு, அதே நேரத்தில் இன்னொன்றில் திரும்ப ஒலிபரப்பும். இரண்டு மீட்டர் பேண்டில் (144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை) இந்த இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். உங்கள் பகுதி ரிப்பீட்டரின் அதிர்வெண், இடைவெளி கூட்டலா கழித்தலா, டோன் எத்தனை ஹெர்ட்ஸ் என்ற மூன்றையும் உள்ளூர் ஹாம் ஒருவரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பல ஆண்டுகளாகத் திருத்தப்படாதவை நிறைய.

கீழே எடுத்துக்காட்டுக்காக 145.000, கழித்தல், 600, டோன் 88.5 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஆரஞ்சு நிற பொத்தானால் அதிர்வெண் நிலைக்கு வாருங்கள். அம்புக்குறி மேல் வரியில் இருக்கவேண்டும். கீழ் வரியில் வைத்துக்கொண்டு செய்தால் மெமரி பதியாது. மெனு 7இல் இரட்டைக் கேட்பை அணையுங்கள்.

பதியப்போகும் மெமரி எண்ணை மெனு 28இல் முதலில் அழியுங்கள். ஏற்கெனவே ஏதாவது இருக்கும் எண்ணில் மேலே எழுத இந்தச் செட் விடாது, விடவில்லை என்று தெளிவாகச் சொல்லவும் சொல்லாது.

இப்போது 145000 என்று விசையில் அடியுங்கள். மெனு 26இல் 000.600. மெனு 25இல் கழித்தல் குறி. மெனு 13இல் 88.5. மெனு 10, 11, 12 மூன்றும் அணைந்திருக்கட்டும். மெனு 27க்குப் போய் அழித்து வைத்த எண்ணைத் தேர்ந்து பதியுங்கள். "ரிசீவிங் மெமரி" என்று ஒரு குரல் சொல்லும்.

இங்கேதான் நான் நிறுத்தினேன். பதிந்துவிட்டது என்று நினைத்தேன். பதிந்தது பாதிதான்.

மெனுவிலிருந்து வெளியே வந்து * விசையை ஒருமுறை தட்டுங்கள். அழுத்திப் பிடிக்கக்கூடாது, பிடித்தால் தேடல் தொடங்கிவிடும். திரையில் 144.400 தெரியும். அதே மெனு 27, அதே எண், திரும்பப் பதியுங்கள். இப்போது "டிரான்ஸ்மிட்டிங் மெமரி" என்று சொல்லும். இந்த இரண்டாவது குரல் கேட்டால்தான் வேலை முடிந்தது. வெளியே வந்து * விசையை இன்னொருமுறை தட்டி அதிர்வெண்ணைத் திருப்பிவிடுங்கள்.

சோதனை: மெமரி நிலைக்குப் போங்கள். திரையில் 145.000 இருக்கும். பொத்தானை அழுத்திக் கால்சைனைச் சொல்லுங்கள். அழுத்தியிருக்கும் நேரத்தில் எண் 144.400 ஆக மாறவேண்டும். மாறவில்லை என்றால் மேலே போய்த் திரும்பத் தொடங்குங்கள். ரிப்பேர்க் கடைக்குப் போவதற்கு முன் நான் செய்திருக்கவேண்டிய ஒரே சோதனை இதுதான்.

5. எனக்குக் கேட்கிறது, என்னை யாருக்கும் கேட்கவில்லை

அதிர்வெண் மாறுகிறது, ஆனாலும் பதில் இல்லையா? பொத்தானை விட்டதும் காதைத் தீட்டிக் கேளுங்கள். ரிப்பீட்டர் உங்களைப் பிடித்திருந்தால் நீங்கள் விட்ட பிறகும் ஓரிரு நொடி அதன் அலை நிற்கும், பச்சை விளக்கு எரியும், பிறகு ஒரு சின்ன "க்ளக்" சத்தத்தோடு அணையும். இந்த வால் கேட்டால் நீங்கள் ரிப்பீட்டரை எட்டிவிட்டீர்கள். ஆள் இல்லாத நேரமாக இருக்கலாம், சாயங்காலம் முயன்று பாருங்கள்.

வால் கேட்கவில்லை என்றால் டோன்தான் முதல் சந்தேகம். மெமரி நிலையில் திரையின் மேல்பக்கம் டோன் குறியான "சிடி" தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்து சக்தி: மெனு 2 உயர்நிலையில் இருக்கட்டும். மெனு 23 அணைந்திருக்கட்டும். அது இயங்கினால் அலைவரிசையில் யாராவது இருக்கும்வரை அனுப்பவிடாது, வெறும் இரைச்சலைக்கூட ஆள் என்று நினைத்துத் தடுத்துவிடும்.

வால் கேட்கிறது, ஆனால் "கேரியர் மட்டும் வருது, குரல் இல்லை" என்கிறார்களா? ஸ்பீக்கர் மைக்கின் இரட்டை முனைச் செருகி முழுசாக உள்ளே போகவில்லை. அதன் பிளாஸ்டிக் உறை செட்டின் உடலில் இடித்து ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் போதும், குரல் போகாது. சில நேரம் அழுத்தாமலே அனுப்பத் தொடங்கியும் விடும். உறையின் விளிம்பைக் கத்தியால் கொஞ்சம் சீவினால் முழுசாக இறங்கும்.

பேசிக்கொண்டே இருக்கும்போது பாதியில் அறுபட்டால் அது மெனு 9, நேரக்கட்டுப்பாடு. நீட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சுவிடாமல் பேசுவது ரிப்பீட்டரில் மற்றவர்களுக்கு இடைஞ்சல். அப்படியே விடுவது நல்லது.

வெறும் தட்டலாக பொத்தானை அமுக்கி அமுக்கி வால் வருகிறதா என்று பார்க்காதீர்கள். எத்தனை முறை சோதித்தாலும் கால்சைனோடு சோதியுங்கள். "வியூ3 ..., ரேடியோ செக்" என்றால் கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது கட்டாயம் பதில் சொல்வார்கள்.

6. நிற்கும் இடம்

இந்த அலைகள் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியும் தூரம் போலத்தான் போகும். கணக்கு எளிது: ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். தரையில் நின்று முகத்தருகே பிடித்தால், ஒன்றரை மீட்டர் உயரம், 5 கிலோமீட்டர். இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடி, 9 மீட்டர், 12 கிலோமீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டர் அளவில் இருக்கிறது, அங்கிருந்து 189 கிலோமீட்டர். மலையில் இருக்கும் ரிப்பீட்டர் சமவெளியில் பல மாவட்டங்களுக்குக் கேட்பது இதனால்தான். இரண்டு பேருடைய தொடுவானத்தையும் கூட்டினால் இருவருக்கும் இடையே அதிகபட்ச தூரம். அதற்கு நடுவில் கட்டடமும் மரமும் மலையும் இருந்தால் குறையும்.

அதனால் "5 வாட் போதவில்லை, 10 வாட் செட் வாங்கட்டுமா" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: படியேறுங்கள். சக்தியை இரட்டிப்பாக்கினால் கேட்பவர் பக்கத்தில் வித்தியாசம் தெரிவதே கஷ்டம். உயரம் ஏறினால் உடனே தெரியும்.

இடுப்பில் மாட்டிக்கொண்டு பேசாதீர்கள், உடம்பு அலையைத் தின்றுவிடும். செட்டைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடியுங்கள். ரிப்பீட்டரின் ஆன்டெனா செங்குத்தாக நிற்கிறது, நீங்கள் படுக்கையாகப் பிடித்தால் சிக்னல் நூறில் ஒரு பங்காகக்கூட விழலாம்.

சிக்னல் வெட்டி வெட்டி வந்தால் இரண்டடி நகர்ந்து பாருங்கள். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒரு இடத்தில் ஒன்றையொன்று அழிக்கும், பக்கத்திலேயே கூடும். என் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியின் கிழக்கு மூலையில் நின்றால் ரிப்பீட்டர் சுத்தமாக வரும், படிக்கட்டுப் பக்கம் மூன்று எட்டு வைத்தால் கரகரக்கும். உங்கள் மாடியிலும் அப்படி ஒரு மூலை இருக்கும். ஒரு மாலை நேரம் செலவழித்துக் கண்டுபிடித்து, தரையில் சாக்பீஸால் குறி போட்டுவையுங்கள்.

இன்னொன்று, காசே ஆகாத வேலை. 49 சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய வயரை வெட்டி, ஒரு முனையை உரித்து, ஆன்டெனாவின் அடியில் இருக்கும் உலோக வளையத்தைச் சுற்றிக் கட்டிக் கீழே தொங்கவிடுங்கள். நடு ஊசியில் படக்கூடாது. ஆன்டெனாவுக்கு இல்லாத மறுபாதியை இது கொடுக்கிறது. குட்டை ஆன்டெனாவில் இரைச்சலோடு போன என் குரல், இந்த வாலைக் கட்டியதும் தெளிவாகிவிட்டது என்று எதிர்முனையில் உடனே சொன்னார்கள்.

7. இரைச்சல்

வீட்டுக்குள் ஸ்குவெல்ச் திறந்தே கிடக்கிறதா? செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி வீட்டுக்குள்தான். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். விலை மலிவான எல்இடி பல்பு, ஃபோன் சார்ஜர், இன்வெர்ட்டர், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். இன்வெர்ட்டர் வீட்டில் மெயினை அணைத்தாலும் அது ஓடும், அதையும் அணைத்துப் பாருங்கள்.

நேர்மாறாக, நகர நடுவில் நீளமான ஆன்டெனா போட்டதும் முன்பு கேட்டதுகூடக் கேட்காமல் போகலாம். பக்கத்தில் இருக்கும் வலுவான ஒலிபரப்பு, மலிவான செட்டின் காதை அடைத்துவிடும். அங்கே குட்டை ஆன்டெனாவே மேல். இதே காரணத்தால் இரண்டு செட்டை ஒன்றோடொன்று சோதிக்கும்போது ஒரே அறையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் தெருமுனைக்குப் போகட்டும், சக்தியைக் குறைத்து வையுங்கள்.

8. மாடியில் ஒரு ஆன்டெனா

கைச்செட் ஆன்டெனாவில் போதாமல் போகும்போது முதலில் செய்யவேண்டியது இது, செட்டை மாற்றுவது அல்ல. கேபிள் மாட்டும் எஸ்ஓ-239 சாசிஸ் சாக்கெட் ஒன்று, ஐந்து பித்தளைக் கம்பி, ஒரு பிவிசி குழாய். நடுவில் நிற்கும் கம்பி 49 சென்டிமீட்டர், சாக்கெட்டின் நான்கு மூலையிலும் 52 சென்டிமீட்டர் கம்பிகள் 45 டிகிரி கீழ்நோக்கி வளைந்திருக்கவேண்டும். நடுக்கம்பியை 51க்கு வெட்டிப் பொருத்தி, எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனா ஏற்காமல் திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) பார்த்துப் பார்த்து அரை சென்டிமீட்டராக நறுக்குங்கள். குறைத்து வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. எனக்குக் கேபிள் தவிர்த்து 350 ரூபாய் ஆனது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

எஸ்டபிள்யூஆர் 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம், 2 என்றால் 11, 3 என்றால் 25. 1.5க்குக் கீழே வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள், 1.1க்காக ஒரு நாளை வீணாக்கவேண்டாம். ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவியான நானோவிஎன்ஏ வைத்து அளந்தால் ஒவ்வொரு முறையும் அதோடு வரும் ஓப்பன், ஷார்ட், லோடு முனைகள் மூன்றையும் போட்டுக் காலிபரேட் செய்தபிறகே காட்டும் எண்ணை நம்புங்கள்.

கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் மலிவு, ஆனால் 145 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் போனால் சக்தியில் பாதி கேபிளிலேயே போய்விடும். அதே தூரத்துக்குத் தடித்த ஆர்ஜி-213 போட்டால் கால் பங்கு சொச்சம்தான் போகும். ஐந்தாறு மீட்டருக்குள் முடிகிறது என்றால் ஆர்ஜி-58 போதும். தடித்த கேபிளை நேராகச் செட்டின் தலையில் மாட்டாதீர்கள், அதன் கனத்தில் எஸ்எம்ஏ முனை சாலிடர் விட்டுவிடும். நடுவில் ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய இணைப்புக் கேபிள் (பிக்டெயில்) வேண்டும்.

வெளியே இருக்கும் இணைப்புகளை ஐப்பசி பிறப்பதற்கு முன் ரப்பர் டேப்பால் சுற்றி மூடுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு வெயிலுக்கே பசை விட்டுவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் தொய்வாக ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் காயவைத்துப் பயன்படுத்த முடியாது, தூக்கிப்போட வேண்டியதுதான். மின்கம்பிக்குப் பக்கத்தில் குழாயைத் தூக்கவே வேண்டாம். குழாய் சாய்ந்து விழுந்தால் கம்பியில் படாத தூரம் இருக்கிறதா என்று முதலில் அளந்துவிட்டு ஏறுங்கள். இடி இடிக்கும்போது கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

9. கம்ப்யூட்டரில் பதிவது

நிறைய ரிப்பீட்டர்களைப் பதிய சிர்ப் (CHIRP) என்ற இலவச மென்பொருள் வசதியானது. "செட் பதில் தரவில்லை" என்று வந்தால் பத்தில் எட்டு முறை செருகி முழுசாக இறங்கவில்லை, மேலே சொன்ன அதே ஒரு மில்லிமீட்டர். அதுவும் சரி என்றால் கேபிளுக்குள் இருக்கும் போலி சிப். விண்டோஸின் புதிய டிரைவர் அதை ஏற்காது, பழைய டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். வாங்கும்போதே எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிளாக வாங்கினால் விலை கூட, தலைவலி இல்லை.

முதல் வேலையாகச் செட்டில் இருப்பதை இறக்கி ஒரு கோப்பாகச் சேமியுங்கள். அதை எப்போதும் மாற்றாதீர்கள். பின்னால் எது குழம்பினாலும் திரும்ப ஏற்ற அது ஒன்றுதான் வழி. வேறொருவருடைய செட்டின் கோப்பை அப்படியே உங்கள் செட்டில் ஏற்றாதீர்கள்.

10. பேசும் முறை

இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள். பொத்தானை அழுத்தி அரை நொடி நிறுத்தி, பிறகு பேசுங்கள். ரிப்பீட்டர் டோனைக் கண்டுபிடிக்க அந்த நேரம் வேண்டும், இல்லாவிட்டால் கால்சைனின் முதல் எழுத்து போய்விடும். மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி, சாதாரணக் குரலில். கத்தினால் உடைந்துதான் கேட்கும். தொடக்கத்திலும் முடிவிலும் கால்சைன் சொல்லுங்கள், நீண்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. வியாபாரப் பேச்சு, பாட்டு, ரகசியக் குறி எதுவும் கூடாது. தேதி, நேரம், அதிர்வெண், யாரோடு பேசினீர்கள் என்பதை நோட்டில் எழுதிவையுங்கள்.

11. ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்

இவ்வளவும் பார்த்தும் வேலை செய்யவில்லை என்றால், இன்னொரு ஹாமின் செட்டைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அவர் ஆன்டெனா உங்கள் செட்டில். அடுத்து அவர் பேட்டரி உங்கள் செட்டில். பிறகு இரண்டு செட்டும் ஒரே இடத்தில் நின்று அதே ரிப்பீட்டரில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எது சரியானது என்று தெரியாது.

பிறகு மெனு 40. மெமரியை எல்லாம் சேமித்துக்கொண்டு முழு ரீசெட் கொடுங்கள். குரல் சீன மொழிக்கு மாறினால் மெனு 14இல் ஆங்கிலம் வையுங்கள். திரும்ப ஒரே ஒரு ரிப்பீட்டரைக் கையால் பதிந்து பாருங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் கடையில் கொடுக்கலாம். கொடுக்கும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி அளக்கும் சாதனம்) எத்தனை வாட் வருகிறது என்று உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள், அந்த எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்ப எடுக்கும்போதும் அதே மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். அளக்க மீட்டர் இல்லாத கடையில் செட்டைக் கழற்றவே விடாதீர்கள்.